சிறுநீரகம் என்னும் சல்லடையும் நானோ மருந்துகளும்

 

நம் அறக்கட்டளையின் மருத்துவ உதவிப் பிரிவுக்கு வரும் மனுக்களில் டயாலிசிஸ் செலவுக்கான மனு இல்லாத மாதமே இல்லை. அண்மையில் பெரிய மார்க்கெட்டில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒரு சகோதரர் வந்திருந்தார். பண உதவி கேட்டு வரவில்லை. ஒரு சந்தேகம் கேட்க வந்தார்.

“அத்தாவுக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் நடக்கிறது. அப்போது அடர் பழுப்பு நிறத்தில் ஓர் இரும்பு மருந்தை ஏற்றுகிறார்கள். அதில் இருப்பது நானோ துகளாம். நானோ துகள் சிறுநீரகத்தை அரித்துவிடும் என்று செல்போனில் ஒரு செய்தி வந்தது. அதைக் கேட்டதிலிருந்து அத்தா அந்த ஊசியே வேண்டாம் என்கிறார். நாங்கள் என்ன செய்வது?” என்று கேட்டார்.

அதே வாரம் ஒரு சகோதரி ஒரு டப்பாவைக் கொண்டுவந்து காட்டினார். “நானோ தொழில்நுட்பத்தில் தயாரித்தது, சிறுநீரகத்தைச் சுத்தம் செய்யும்” என்று அதன் மேல் அச்சிட்டிருந்தது. என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்ற விவரம் இல்லை. தன் கணவருக்கு இரண்டு மாதமாகக் கொடுத்து வருவதாகச் சொன்னார். மருத்துவரிடம் இதைச் சொல்லவில்லை.

ஒரு குடும்பம் ‘நானோ’ என்ற சொல்லைக் கேட்டு, தேவையான மருந்தை மறுக்கிறது. இன்னொரு குடும்பம் அதே சொல்லை நம்பி, என்னவென்றே தெரியாத ஒன்றை உள்ளே அனுப்புகிறது. இரண்டுமே ஆபத்து. அதனால் இந்த இதழில் இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

நானோ என்றால் எவ்வளவு சிறியது?

ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். நம் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 80 ஆயிரம் முதல் ஒரு லட்சம் நானோமீட்டர். இரத்தச் சிவப்பணு ஒன்றின் அகலம் 7 ஆயிரம் முதல் 8 ஆயிரம் நானோமீட்டர். 1 முதல் 100 நானோமீட்டர் வரை அளவுள்ள துகளையே பொதுவாக நானோ துகள் என்கிறார்கள்.

அடுப்புப் புகையிலும் வண்டிப் புகையிலும் இந்த அளவுத் துகள்கள் தாமாகவே உண்டாகின்றன. ஆய்வுக்கூடத்திலும் தொழிற்சாலையிலும் ஒரு வேலைக்கென்றே திட்டமிட்டுச் செய்யும் துகள்கள் வேறு. தங்கம், வெள்ளி, இரும்பு, சிலிக்கா, கொழுப்பு என்று பலவற்றில் இவற்றைச் செய்கிறார்கள்.

ஒரு பொருளை இவ்வளவு சிறிதாக்கினால் அதன் குணமே மாறும். ஒரு கல் உப்பை இடித்துத் தூளாக்கினால் தண்ணீரில் உடனே கரைவதைப் பார்த்திருக்கிறோம். எடை அதேதான், ஆனால் தண்ணீர் படும் பரப்பு கூடிவிடுகிறது. நானோ துகளிலும் அப்படியே. ஒரே எடைக்குப் பரப்பு பல மடங்கு அதிகம் என்பதால், உடலோடு அது கொள்ளும் வினையும் அதிகம். அது நன்மையாகவும் முடியலாம், தீமையாகவும் முடியலாம்.

சிறுநீரகம் எப்படிச் சலிக்கிறது?

நம் ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 லட்சம் நுண்வடிகட்டிகள் இருக்கின்றன. இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சிறுநீரகங்களுக்கே போகிறது. ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீர் அங்கே வடிகட்டப்படுகிறது. அதில் ஒன்று, ஒன்றரை லிட்டர் மட்டுமே சிறுநீராக வெளியேறுகிறது. மீதியை உடல் திரும்ப எடுத்துக்கொள்கிறது.

இந்த வடிகட்டியை, ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்த மூன்று சல்லடைகள் என்று நினைத்துக்கொள்ளலாம். மேல் சல்லடை இரத்தக் குழாயின் உட்சுவர். அதன் துளைகள் 70 முதல் 100 நானோமீட்டர் வரை இருக்கும். இது அரிசிச் சல்லடை போன்றது. கல்லையும் குச்சியையும் நிறுத்தும், ரவையை விட்டுவிடும். அதாவது இரத்த அணுக்கள் இதில் நின்றுவிடும்.

இரண்டாவது ஓர் அடர்ந்த சவ்வு. டீக்கடையில் தேநீர் வடிகட்டும் துணியைப் போல் பின்னலாக இருக்கும். மூன்றாவது, கால் விரல்களைக் கோத்ததுபோல் நிற்கும் செல்களுக்கு இடையிலான மெல்லிய இடுக்கு. இந்த இரண்டும் மாவுச் சல்லடைக்குச் சமம். மூன்றையும் தாண்டிப் போக வேண்டுமானால், ஒரு பொருள் ஏறத்தாழ 6 முதல் 8 நானோமீட்டருக்குள் இருக்க வேண்டும்.

இரத்தத்தில் இருக்கும் ஆல்புமின் என்ற புரதம் இந்த எல்லையில்தான் இருக்கிறது. வடிகட்டி நலமாக இருந்தால் அது பெரும்பாலும் இரத்தத்திலேயே நின்றுவிடும். வடிகட்டி கெட்டால் சிறுநீரில் ஒழுகும். சிறுநீரில் நுரை அடங்காமல் நிற்கிறது என்றால் மருத்துவர் ‘புரதம் போகிறதா பாருங்கள்’ என்று சொல்வது இதனால்தான்.

சல்லடை அளவை மட்டும் பார்ப்பதில்லை, மின்தன்மையையும் பார்க்கிறது. வடிகட்டியின் சுவர்களில் எதிர்மின் தன்மை இருக்கிறது. அதே எதிர்மின் தன்மையுள்ள துகளை அது தள்ளிவிடும். நேர்மின் தன்மையுள்ள துகள் அதே அளவில் இருந்தாலும் சற்று எளிதாகப் போய்விடும்.

துகள் உள்ளே போனால் எங்கே போகிறது?

இதைச் சோதித்துப் பார்த்தவர்களில் முக்கியமானவர்கள் அமெரிக்காவின் பாஸ்டன் நகர ஆய்வாளர்கள் ஹக் சூ சோய், ஜான் ஃபிராஞ்சியோனி குழுவினர். ஒளிரும் நானோ துகள்களைப் பல அளவுகளில் செய்து விலங்குகளுக்குச் செலுத்தினார்கள். 2007-ல் வெளியான அவர்கள் முடிவின்படி, 5.5 நானோமீட்டருக்குக் குறைந்த துகள்கள் விரைவாகச் சிறுநீரில் வெளியேறின. அதற்கு மேல் போனவை உடலிலேயே தங்கின.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. துகள் இரத்தத்தில் கலந்ததும் இரத்தப் புரதங்கள் அதன் மேல் போர்வைபோல் ஒட்டிக்கொள்கின்றன. 4 நானோமீட்டர் துகள்கூட இந்தப் போர்வையோடு சேர்ந்து 10, 15 என்று பருத்துவிடலாம். அப்போது அது சல்லடையில் இறங்காது. ஆகவே ஆய்வுக்கூடத்தில் அளந்த அளவைவிட, இரத்தத்துக்குள் அது எந்த அளவில் இருக்கிறது என்பதே முக்கியம். புரதம் ஒட்டாதபடி மேற்பூச்சு கொடுப்பது மருந்து செய்பவர்களின் பெரிய வேலை.

அளவைப் பொறுத்துத் துகள்களின் வழியைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

மிகச் சிறியவை, அதாவது 5, 6 நானோமீட்டருக்குள் இருப்பவை, சிறுநீரோடு வெளியேறுகின்றன. வெளியேறும் வழியில் சிறுநீரகக் குழாய்ச் செல்கள் சிலவற்றைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்வதும் உண்டு. நல்ல புரதத்தை வீணாக்காமல் திரும்ப எடுக்கும் செல்கள் அவை. துகளையும் அப்படியே எடுத்துவிடுகின்றன. பாதிப்பு நேர்ந்தால் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

பெரியவை சல்லடையில் இறங்குவதில்லை. கல்லீரலிலும் மண்ணீரலிலும் உள்ள துப்புரவுச் செல்கள் அவற்றை விழுங்குகின்றன. உடலால் சிதைக்க முடிந்த பொருளானால் அங்கே சிதைந்துபோகும். முடியாததானால் மாதக்கணக்கில் தங்கும்.

இடைப்பட்ட சில துகள்கள் வடிகட்டிக்குள்ளேயே மாட்டிக்கொள்கின்றன. சுமார் 75 நானோமீட்டர் அளவுள்ள தங்கத் துகள்கள், முதல் சல்லடையைத் தாண்டி, இரத்தக் குழாய்களைத் தாங்கி நிற்கும் செல்களில் சேர்வதை 2011-ல் காட்டினார்கள்.

‘சிறியதானால் சுலபமாகப் போய்விடும்’ என்ற கணக்கும் எப்போதும் சரியாக வருவதில்லை. ஒரு நானோமீட்டருக்கும் குறைந்த தங்கத் துகள்கள், அதைவிடச் சற்றுப் பெரியவற்றைக் காட்டிலும் மெதுவாகவே வெளியேறுவதை 2017-ல் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டார்கள். முதல் சல்லடையின் மேலிருக்கும் பாசி போன்ற படலத்தில் அவை சிக்கிக்கொள்கின்றன.

ஆக, ‘நானோ துகள் சிறுநீரகத்தை அரிக்கும்’ என்பதும் ‘நானோ துகள் சிறுநீரகத்தைக் கழுவும்’ என்பதும் ஒரே மாதிரி அரைகுறைப் பேச்சு. என்ன பொருள், என்ன அளவு, என்ன மேற்பூச்சு, எவ்வளவு, யாருடைய உடலில் என்ற ஐந்தும் தெரியாமல் எதுவும் சொல்ல முடியாது.

கறுப்புப் பூஞ்சைக் காலம் கற்றுத் தந்த பாடம்

நானோ மருந்து சிறுநீரகத்தைக் காப்பாற்றிய கதையும் நம் கண்முன்னே நடந்ததுதான். 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில், கறுப்புப் பூஞ்சை நோய் பரவியதை மறந்திருக்க மாட்டோம். ஜூலைக்குள் நாடு முழுவதும் 45 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு அந்த நோய் வந்ததாகவும் 4,300-க்கும் மேற்பட்டோர் இறந்ததாகவும் ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. சர்க்கரை நோய் கட்டுப்பாட்டில் இல்லாதவர்களும் ஸ்டீராய்டு மருந்து எடுத்தவர்களும் அதிகம் பாதிக்கப்பட்டார்கள்.

அந்தப் பூஞ்சையைக் கொல்லும் முக்கிய மருந்து ஆம்போடெரிசின்-பி. 1950-களிலிருந்து இருக்கும் பழைய மருந்து. பூஞ்சையின் உறையில் ஓட்டை போட்டு அதைக் கொல்லும். ஆனால் சிறுநீரகக் குழாய்ச் செல்களின் உறையிலும் அதே ஓட்டையைப் போட்டுவிடும். சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தக் குழாயையும் சுருக்கும். பொட்டாசியமும் மக்னீசியமும் சிறுநீரில் ஒழுகிப்போகும். ஏற்கனவே சர்க்கரையால் சிறுநீரகம் தளர்ந்தவருக்கு இதைக் கொடுப்பது மருத்துவர்களுக்கே கலக்கமான காரியம்.

இதற்குக் கண்ட வழிதான் லிப்போசோம். கொழுப்பால் ஆன, 100 நானோமீட்டருக்கும் குறைந்த நுண்ணிய உருண்டைக்குள் மருந்தைப் பொதித்துவிடுவது. மேலே சொன்ன சல்லடைக் கணக்கை இங்கே பொருத்திப் பாருங்கள். இந்த உருண்டை சிறுநீரக வடிகட்டியின் எல்லையைவிடப் பத்து மடங்கு பெரியது. எனவே அதில் இறங்காது. மருந்து உருண்டைக்குள்ளேயே இருந்து, பூஞ்சையின் உறையைத் தொடும்போது அங்கே இறங்குகிறது. சிறுநீரகக் குழாய்களுக்குப் போய்ச் சேரும் மருந்தின் அளவு குறைகிறது.

1999-ல் 687 நோயாளிகளிடம் நடந்த ஒரு பெரிய ஒப்பீட்டில், பழைய மருந்து பெற்றவர்களில் 100-க்கு 34 பேருக்குச் சிறுநீரகப் பாதிப்பு வந்தது. லிப்போசோம் மருந்து பெற்றவர்களில் அது 19 பேர். பாதிப்பு முழுதும் நீங்கிவிடவில்லை. ஆனால் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது.

நம் நாட்டிலும் இந்த ஆய்வு புதியதல்ல. மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் டாக்டர் நீலிமா க்ஷீர்சாகர் குழுவினர் டெல்லிப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 1990-களிலேயே இந்திய லிப்போசோம் மருந்தை நோயாளிகளிடம் சோதித்து வந்தார்கள். இருந்தும் 2021-ல் தேவை திடீரென்று பெருகியபோது தட்டுப்பாடு வந்தது. ஒரு குப்பியில் 50 மில்லிகிராம் மருந்து. 60 கிலோ எடையுள்ளவருக்கு, கிலோவுக்கு 5 மில்லிகிராம் வீதம், ஒரு நாளைக்கு 6 குப்பிகள் வேண்டும். அதுவும் வாரக்கணக்கில். அந்த நாட்களில் ஒரு குப்பிக்காக ஊர் ஊராகப் போன் செய்த குடும்பங்களுக்கு அதன் அருமை தெரியும். ஜூன் மாதம் ஜிஎஸ்டி கவுன்சில் இந்த மருந்துக்கான வரியை நீக்கியது.

டயாலிசிஸ் நோயாளிக்கு ஏற்றும் இரும்பு

இனி மளிகைக் கடைச் சகோதரரின் கேள்விக்கு வருவோம்.

சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு இரத்தசோகை வருவது வழக்கம். இரத்தம் ஊற வேண்டும் என்று எலும்பு மஜ்ஜைக்குச் சொல்லும் எரித்ரோபொய்ட்டின் என்ற சுரப்பு சிறுநீரகத்தில்தான் உண்டாகிறது. அது குறைகிறது. கூடவே, டயாலிசிஸில் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் இரத்தம் குழாய்களில் வீணாகிறது. வாயால் விழுங்கும் இரும்பு மாத்திரை இவர்களுக்குப் போதுமான அளவு உட்கிரகிப்பதில்லை. எனவே நரம்பில் இரும்பு ஏற்றுகிறார்கள்.

வெறும் இரும்பை இரத்தத்தில் விட்டால் அது நஞ்சு. அதனால் இரும்பைச் சில நானோமீட்டர் அளவுள்ள உருண்டையாக்கி, அதன் மேல் சர்க்கரைப் போர்வை போர்த்துகிறார்கள். இரும்பு சுக்ரோஸ் என்பது இதுதான். இந்த உருண்டையைக் கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை ஆகியவற்றின் துப்புரவுச் செல்கள் எடுத்துப் பிரித்து, இரும்பை மெதுவாக வெளியே தருகின்றன. சிறுநீரில் போவது மிகச் சிறிய பங்கே.

இது பயனுள்ளதா என்பதை பிரிட்டனில் 50 மையங்களில் 2,141 டயாலிசிஸ் நோயாளிகளிடம் சோதித்தார்கள். 2018-ல் முடிவு வெளியானது. தேவைக்கு முன்பாகவே மாதந்தோறும் இரும்பு சுக்ரோஸ் பெற்றவர்களுக்கு, குறைந்த அளவில் பெற்றவர்களைக் காட்டிலும் மாரடைப்பு போன்ற இதயப் பாதிப்புகளும் மரணங்களும் குறைவாக இருந்தன. இரத்தம் ஏற்ற வேண்டிய தேவையும் குறைந்தது.

ஆனால் சில எச்சரிக்கைகள் உண்டு. வேகமாக ஏற்றினால் இரத்த அழுத்தம் குறையலாம். ஒவ்வாமையும் வரலாம். காய்ச்சலோ கிருமித் தொற்றோ இருக்கும்போது பொதுவாக இதைத் தள்ளிவைப்பார்கள். இரும்பு அளவுக்கு மிஞ்சினால் கல்லீரலில் தங்கிக் கெடுக்கும். அதனால்தான் ஃபெரிட்டின் பரிசோதனை செய்து பார்த்துப் பார்த்துக் கொடுக்கிறார்கள்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். நானோ மருந்துகளில் பெயர் ஒன்றாக இருந்தாலும் தயாரிப்பு ஒன்றாக இருக்காது. பாரிஸில் ஒரு மருத்துவமனை 75 டயாலிசிஸ் நோயாளிகளுக்கு ஒரு நிறுவனத்தின் இரும்பு சுக்ரோஸிலிருந்து அதே பெயருள்ள வேறு தயாரிப்புக்கு மாறியது. ஹீமோகுளோபின் சற்று இறங்கியது. இரும்பின் அளவையும் எரித்ரோபொய்ட்டின் ஊசியின் அளவையும் கூட்ட வேண்டியதாயிற்று. 2011-ல் இதை வெளியிட்டார்கள். துகளின் அளவிலும் போர்வையிலும் சிறு மாற்றம் இருந்தாலும் உடல் அதைக் கண்டுகொள்கிறது என்பதே இதன் பாடம். விலை குறைந்த மருந்து வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. மாற்றினால் மருத்துவருக்குத் தெரிந்து மாற்ற வேண்டும், மாற்றியபின் இரத்தப் பரிசோதனை செய்து பார்க்க வேண்டும்.

அந்தச் சகோதரரின் அத்தாவை அழைத்துக்கொண்டு போய் டயாலிசிஸ் மருத்துவரிடமே கேட்கச் சொன்னோம். மருத்துவர் அவருடைய ஃபெரிட்டின் அளவைக் காட்டி விளக்கியிருக்கிறார். பெரியவர் இப்போது ஊசியை மறுப்பதில்லை என்று சகோதரர் வந்து சொன்னார். அல்ஹம்துலில்லாஹ்.

அஞ்ச வேண்டியது எதற்கு?

அந்தச் சகோதரி கொண்டுவந்த டப்பாவின் கதை வேறு. சிறுநீரகத்துக்கு உண்மையில் எதிரி பாதரசம், ஈயம், காட்மியம் போன்ற கன உலோகங்கள். இவை எந்த அளவில் வந்தாலும் கேடுதான். நுண்துகளாக வந்தால் உடலில் கரைந்து பரவுவது இன்னும் சுலபம். சிறுநீரகக் குழாய்ச் செல்கள் இவற்றைப் பிடித்துச் சேர்த்து வைத்துக்கொள்கின்றன. பழுதில்லாமல் தாமிரத்தைக்கூட நானோ அளவில் கொடுத்தபோது எலிகளின் சிறுநீரகம் கெட்டதை 2006-ல் சீன ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதே தாமிரம் பெரிய தூளாக இருந்தபோது அந்தக் கேடு இல்லை.

நம் பக்கத்து மாநிலத்தில் நடந்ததைக் கேளுங்கள். கேரளாவின் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் உள்ள சிறுநீரக மருத்துவர்கள், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, வடிகட்டிச் சவ்வு தடித்துப் புரதம் ஒழுகும் ஒரு நோயோடு வந்த 22 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அந்த நோயின் அரிதான ஒரு வகை இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் முகத்தை வெள்ளையாக்கும் கிரீம் பூசியவர்கள். காரணம், கிரீமில் இருந்த பாதரசம். தோல் வழியே உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுத்திருக்கிறது. கிரீமை நிறுத்தியபின் பெரும்பாலோர் தேறினார்கள். அழகு கிரீம்களில் பாதரசம் 10 லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக நாடுகள் ஒப்புக்கொண்ட மினமாட்டா உடன்படிக்கையில் 2025-க்கு முன்பு இருந்த வரம்பு. ஆனாலும் லேபிள் இல்லாத கிரீம்கள் கைக்குக் கை வந்துகொண்டுதான் இருக்கின்றன. கல்யாணம் பேசும் வீடுகளில், நம் பெண்பிள்ளைகள் இதற்கு இரையாகாமல் தாய்மார்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதே வகைச் சிறுநீரக நோயைப் பாதரசம் கலந்த நாட்டு மருந்துகளை உட்கொண்டவர்களிடம் கண்டதாகச் சென்னை மருத்துவர்கள் 2022-ல் எழுதினார்கள். பாரம்பரிய மருத்துவம் முழுவதையும் நாம் குறை சொல்லவில்லை. மூலிகைக் கஷாயம் வேறு, உலோகத்தைச் சுட்டுப் பொடியாக்கிய பற்பம் வேறு. பற்பங்களில் நானோ அளவுத் துகள்கள் இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதனாலேயே அவை பாதுகாப்பானவை என்று ஆகிவிடாது. சிறுநீரகம் பழுதானவர், பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம் போனாலும் தம் கிரியேட்டினின் அளவைச் சொல்லியே மருந்து வாங்க வேண்டும். பெயர் தெரியாத பொடி எதுவானாலும் வேண்டவே வேண்டாம்.

பற்பசை, மிட்டாய், வெயில் கிரீம்

பிரான்சில் உறவினர் உள்ள வீடுகளில் இன்னொரு கேள்வி கேட்கிறார்கள். “அங்கே டைட்டானியம் டை ஆக்சைடைத் தடை செய்துவிட்டார்களாமே?” உண்மைதான். மிட்டாய், சூயிங்கம், கேக் மேற்பூச்சு ஆகியவற்றுக்குப் பளிச்சென்ற வெண்மை தரும் பொருள் அது. அதில் ஒரு பகுதி நானோ அளவில் இருக்கும். 2020 ஜனவரி முதல் பிரான்ஸ் உணவில் அதை நிறுத்தியது. 2022-ல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் நிறுத்தியது. குடல் வழியே உள்ளே போவது மிகக் குறைவு. ஆனால் போனது எளிதில் வெளியேறாமல் சேர்கிறது. மரபணுவுக்குத் தீங்கில்லை என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்பதே அங்கே சொன்ன காரணம். சிறுநீரகம் கெட்டுவிடும் என்பதற்காக அல்ல. பிள்ளைகளுக்கு நிறம் பூசிய மிட்டாயைக் குறைப்பது எப்படியும் நல்லதுதானே!

வெயில் கிரீமில் வரும் துத்தநாக, டைட்டானியத் துகள்கள் தோலின் மேல் இறந்த அடுக்கிலேயே பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. அதைக் கண்டு அஞ்ச வேண்டாம்.

நம் பகுதிக்கு உள்ள தனிக் கவலை

2020-ல் ஜிப்மர் மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சர்க்கரை இல்லை, இரத்தக் கொதிப்பு இல்லை, ஆனாலும் சிறுநீரகம் சுருங்கிப்போனவர்கள் புதுச்சேரியிலும் சுற்றியுள்ள தமிழக மாவட்டங்களிலும் அதிகமாக இருப்பதைக் கண்டு, அதற்குத் ‘தொண்டைமண்டல நெஃப்ரோபதி’ என்று பெயரிட்டார்கள். வெயிலில் உடலுழைப்பவர்கள் இதில் அதிகம். இலங்கையின் வடமத்திய மாகாணத்திலும் மத்திய அமெரிக்கக் கரும்புத் தோட்டங்களிலும் இதுபோன்ற நோய் உண்டு. கரும்புச் சருகை எரிக்கும்போது எழும் சாம்பலில் உள்ள நானோ அளவு சிலிக்கா ஒரு காரணமாக இருக்கலாமா என்று இப்போது ஆராய்கிறார்கள். வெயிலில் உடல் வற்றுவது, வலி மாத்திரைகள், குடிநீர் ஆகியவையும் ஆய்வில் இருக்கின்றன.

இந்த நோய் தொடக்கத்தில் எந்த அறிகுறியும் காட்டாது. மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர், மீன் கூடை சுமப்பவர், வண்டி தள்ளுபவர், கட்டட வேலைக்குப் போகிறவர் என்று நம்மில் பலர் அந்த வெயிலில்தான் நிற்கிறோம். சர்க்கரை இல்லை என்பதற்காகச் சிறுநீரகம் நலமாக இருக்கிறது என்று இருந்துவிடக் கூடாது.

குடும்பங்கள் செய்ய வேண்டியவை

1. நாற்பது வயதைக் கடந்தவர்கள், சர்க்கரையோ இரத்தக் கொதிப்போ உள்ளவர்கள், வெயிலில் உழைப்பவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது இரத்தத்தில் கிரியேட்டினினும் சிறுநீரில் புரதமும் பார்த்துக்கொள்ளுங்கள். ஜிப்மரிலும் கதிர்காமம் அரசு மருத்துவக் கல்லூரியிலும் இந்தப் பரிசோதனை வசதி இருக்கிறது.

2. மருத்துவரிடம் போகும்போது வீட்டில் எடுத்துக்கொள்ளும் எல்லாவற்றையும், பொடி, லேகியம், கிரீம், வலி மாத்திரை உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள். மருத்துவர் கோபிப்பார் என்று மறைக்காதீர்கள்.

3. டயாலிசிஸ் நோயாளிக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். ஏற்றிய இரும்பு மருந்தின் பெயர், நிறுவனம், அளவு, தேதி ஆகியவற்றை எழுதுங்கள். உம்ரா, ஹஜ் அல்லது வெளியூர் போகும்போது அதைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

4. ஸ்கேனுக்கு முன் நரம்பில் மருந்து செலுத்துவார்கள் என்றால், சிறுநீரகக் கோளாறு இருப்பதை முதலிலேயே சொல்லுங்கள்.

5. ‘நானோ’ என்று அச்சிட்ட பொருளில் என்னென்ன சேர்ந்திருக்கிறது, யார் தயாரித்தது, உரிம எண் என்ன என்று பாருங்கள். இல்லையென்றால் வாங்காதீர்கள்.

6. சிறுநீரக நோயாளிகள் நோன்பு வைப்பது பற்றியும் மருந்து நேரம் பற்றியும் ரமலான் பிறக்கும் முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நோயாளிக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகை பற்றி ஆலிம்களிடமும் கேளுங்கள்.

7. செல்போனில் வரும் மருத்துவச் செய்தியை அப்படியே மற்றவருக்கு அனுப்பாதீர்கள். ஒரு தவறான செய்தி, ஒரு பெரியவரைத் தேவையான மருந்திலிருந்து விலக்கியதை இப்போதுதான் பார்த்தோம்.

அந்தச் சகோதரி தன் கணவரைப் பரிசோதனைக்கு அழைத்துச் சென்றார். டப்பாவையும் கொண்டுபோய்க் காட்டச் சொன்னோம், காட்டினார். மருத்துவர் அதை நிறுத்தச் சொல்லிவிட்டார். கிரியேட்டினின் சற்றே கூடியிருக்கிறது, தொடர்ந்து பார்த்து வருகிறார்கள். நேரத்தில் வந்ததே பெரிய விஷயம்.

சந்தேகம் உள்ளவர்கள் மருத்துவச் சீட்டோடு நம் அலுவலகத்துக்கு வாருங்கள். படித்து விளக்க ஆள் இருக்கிறது. பரிசோதனைக்குப் பணம் இல்லை என்பதற்காக யாரும் தள்ளிப்போட வேண்டாம். உங்கள் சதகாவும் ஜகாத்தும் அதற்காகத்தான் இங்கே வந்து சேர்கின்றன.

உடல் நமக்குத் தரப்பட்ட அமானிதம். அல்லாஹ் நம் அனைவருக்கும் நோயற்ற வாழ்வைத் தருவானாக. ஆமீன்.